கல்லில் பொறித்த விருப்பம்: தொம்மலூர் சொக்கப்பெருமாளை ரசிப்பது எப்படி?

பெங்களூரு தொம்மலூர் மேம்பாலத்தில் தினமும் போய்வருகிற பலருக்கு, பக்கத்திலேயே ஒரு பழைய தமிழ்க் கோயில் இருப்பது தெரியாது. சொக்கநாதர் கோயில் என்றதும் மதுரைச் சிவனை நினைத்துக்கொண்டு படியேறினால், கருவறையில் ஸ்ரீதேவி பூதேவியோடு நிற்பவர் பெருமாள். சேவித்த கையோடு கிளம்பிவிடாதீர்கள். ஆசையா, ஆண்டவனா என்ற கேள்விக்கு அந்தக் காலத்து மனிதர்கள் சொன்ன பதில் இங்கே கல்லில் இருக்கிறது.

வாசற்காலில் தொடங்குங்கள்

அழகியார் என்பவர் இரண்டு வாசற்கால்களைக் கொடுத்ததாக 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. அர்ச்சகரிடம் கேட்டுக்கொண்டு, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். வெட்டில் நிழல் விழுந்து, தேய்ந்த எழுத்தும் எழும்பிவரும். மெய்யெழுத்துகளின் மேல் பெரும்பாலும் புள்ளி இருக்காது. ஒற்றை நாமேதான் கூட்டிப் படிக்க வேண்டும். முழு வாசகமும் வேண்டுவோர், கல்வெட்டு ஆய்வாளர் ரைஸ் 1905இல் வெளியிட்ட 'எபிகிராபியா கர்னாடிகா' ஒன்பதாம் தொகுதியைப் பார்க்கலாம்.

கொடுத்தவர் யாரென்று கவனியுங்கள்

ஊரின் வருவாயிலிருந்து பத்துப் பொன் ஒதுக்கியவன் ஹொய்சள மன்னன் வீர ராமநாதன். நிலம் எழுதிவைத்தவர்களில் ஒரு கணவனும் மனைவியும் உண்டு. குடும்பம் நடத்தியவர்கள், வரவு செலவு பார்த்தவர்கள். எல்லாவற்றையும் உதறிவிட்டுக் காவி கட்டியதாக இவர்களைப் பற்றிக் கல் சொல்லவில்லை. தங்களிடம் இருந்ததில் ஒரு பங்கைப் பெருமாள் பக்கம் திருப்பினார்கள், அவ்வளவுதான்.

இரண்டு கதைகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்

அரங்கனுக்கு நந்தவனம் வைத்துப் பூக்கட்டிய விப்ரநாராயணர், தேவதேவியிடம் மயங்கி அதை மறந்தார். கோயில் பொன்வட்டில் காணாமல் போய், பழி அவர்மேல் விழுந்த பிறகே திரும்பினார். தொண்டரடிப்பொடி ஆழ்வார் ஆனார். உறையூர் மல்லர் உறங்காவில்லியின் கதை வேறு. மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் சொக்கி, வெயில் படாமல் அவளுக்குக் குடை பிடித்து நடந்தவர் அவர். ராமானுஜர் திட்டவில்லை; அரங்கனின் கண்ணைக் காட்டினார். பிறகு அடியாராக வாழ்ந்தபோதும் பொன்னாச்சி கூடவே இருந்தாள். தொம்மலூர்த் தம்பதி இந்த இரண்டாவது கதைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

அப்படியானால் தேர்ந்தெடுத்தது யார்?

உறங்காவில்லி தானே திரும்பினாரா, திருப்பப்பட்டாரா? முதல் முயற்சி ஜீவனுடையது, அதைப் பார்த்து அனுமதி தருபவன் உள்ளே நிற்கும் இறைவன் என்பது ஸ்ரீபாஷ்யத்தில் ராமானுஜர் காட்டும் வழி. பின்வந்த வைணவர்கள் அங்கேயே நிற்கவில்லை. குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல் நாமும் பற்ற வேண்டும் என்றது வடகலை. பூனை தானே குட்டியைக் கவ்விக்கொள்ளும் என்றது தென்கலை. எந்தக் கட்சி உங்களுக்குச் சரியென்று படுகிறது என்று மண்டபத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள்.

கடைசியாகச் சாபம்

தமிழ்நாட்டுக் கோயிலோ கன்னட நாட்டுக் கோயிலோ, எங்கே தானக் கல்வெட்டைப் படித்தாலும் முடிவுக்கு முன்னால் விட்டுவிடாதீர்கள். சந்திரசூரியர் உள்ளவரை இந்தத் தர்மம் நடக்கட்டும் என்று வேண்டிய கையோடு, இதற்குக் கேடு செய்தவன் கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று பல கல்வெட்டுகள் மிரட்டும். வெறும் பயமுறுத்தல் என்று தாண்டிப் போய்விடுகிறோம். கொடுத்த நிலத்தைப் பின்னால் வருகிறவன் பிடுங்கிக்கொள்ளலாம். பெருமாள் வந்து கையைப் பிடிக்கப் போவதில்லை. அது கொடுத்தவருக்கும் தெரியும். வேறு வழியே இல்லாதவனுக்கு யாரும் சாபம் எழுதிவைப்பதில்லை. மனிதன் தன் இஷ்டப்படி நடக்கக்கூடியவன் என்பதற்கு அந்தச் சாபத்தைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.