ஒலி ஒன்று, பொருள் வேறு

பிறமொழி கற்போரை முன்பின் அறியாத சொல் ஏமாற்றுவதில்லை; அறிந்த முகத்தோடு வரும் சொல்லே ஏமாற்றுகிறது. ஆங்கில இலக்கியச் சொற்களைப் பயிலும் போலந்து மாணவரிடம் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

போலிஷ் மொழியில் 'நொவெலா' என்பது செறிவான சிறுகதை. ஒலியொப்புமையால் அதனை ஆங்கில 'நாவல்' எனக் கொண்டால், போலெஸ்வாஃப் புருஸ் 1882இல் எழுதிய 'கமிசெல்கா' என்னும் சிறுகதை நாவலாகிவிடும். 1890இல் நூலாக வந்த அவரது 'லால்கா'வே நாவல். அவ்வகைக்குப் போலிஷ்ப் பெயர் 'பொவ்யெஷ்ச்'. பெயர் பிழைத்தால் நூலை அளக்கும் கோலும் பிழைபடும். சிறுகதையின் சுருக்கம் குறையாகத் தோன்றும்.

'ஷ்தூகா' என்னும் சொல்லோ கலை, மேடை நாடகம் இரண்டையும் குறிக்கும். ஆங்கிலத்தில் அவற்றிற்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. சொல்லுக்குச் சொல் நிறுத்தும் பட்டியல் இங்கே பயன்படாது.

வேரறிவும் தனித்து உதவாது. நொவெலாவும் நாவலும் 'புதுமை' என்னும் பொருளுடைய ஒரே இலத்தீன் வேரின. தமிழ்ப் 'புதின'மும் அப்பொருளே தழுவியது. வேர் ஒன்றாயினும் வழக்கு வேறு. ஆகவே, இலக்கியச் சொல்லை இலக்கியத்தோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும். 'கமிசெல்கா'வையும் 'லால்கா'வையும் படித்த மாணவன் இரண்டையும் ஒரு பெயரால் அழையான்.