லண்டினியம்: பெயரைத் துரத்தியவர்கள்

ரோமானியர் லண்டினியம் என்று எழுதிய லண்டனின் பெயருக்கு 12ஆம் நூற்றாண்டு வரலாற்றெழுத்தாளர் மான்மவுத் ஜெஃப்ரி சுலபமாகப் பொருள் சொல்லிவிட்டார். லுட் என்ற அரசன் மதிலைப் புதுப்பித்தான். அவன் பெயரே ஊருக்கும் ஆனது. அதற்கு முன் அது ‘புதிய டிராய்’ நகரமாம்! டிரினோவாண்டஸ் என்ற பழங்குடிப் பெயரின் ஒலி அந்தக் கற்பனைக்குப் போதுமானதாக இருந்தது. லுட்டில் இல்லாத ணகரம் எப்படி வந்தது? மொழிகள் மாறியதில் திரிந்தது என்று கடந்துபோகிறார். ஊருக்கு வம்சாவளி தந்ததைத் தவிர இந்த முறைக்கு வேறு பெருமை இல்லை.

நவீன ஆய்வு பழைய எழுத்துச் சான்றிலிருந்து தொடங்குகிறது. கி.பி. 60–61இல் அரசி பூடிக்கா ரோமானியருக்கு எதிராக நடத்திய கலகத்தை விவரிக்கும் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இவ்வூரைக் குறிப்பிடுகிறார். அவர் எழுதியதற்கும் முந்தையது, லண்டன் புளூம்பெர்க் கட்டட அகழாய்வில் கிடைத்த மெழுகுப் பலகை ஒன்று. ஏறத்தாழ 65–80இல் எழுதப்பட்ட அதில், லண்டினியத்தில் இருந்த மொகோன்டியஸ் என்பவரின் முகவரி இருக்கிறது.

நவீன முறையின் பலம் மறுப்பதில்தான். 1899இல் ஜூபேன்வில் என்ற பிரெஞ்சு அறிஞர், லண்டினோஸ் என்ற ஆள்பெயரே மூலம் என்றார். ‘மூர்க்கன்’ என்று பொருள். பல காலம் செல்வாக்கோடு இருந்த கருத்து அது. ஆனால் வெல்ஷ் மொழியின் ‘லுண்டைன்’, பழைய ஆங்கிலத்தின் ‘லுண்டன்’ ஆகிய வடிவங்களை ஒலிமாற்ற விதிகளின்படி அதிலிருந்து வருவிக்க முடியவில்லை. சொன்னவர் பெரிய அறிஞர் என்பதற்காக விதி வளையவில்லை.

புதிய விளக்கத்தைக் கட்டியெழுப்பும்போதுதான் கால் இடறுகிறது. 1998இல் ரிச்சர்ட் கோட்ஸ், கெல்டிக் மொழிகளுக்கு முந்தைய ‘ப்ளோவொனிடா’ என்ற ஆற்றுப்பெயரை முன்வைத்தார்; நடந்து கடக்க முடியாத அகன்ற ஆறு என்பது கருத்து. 2013இல் பீட்டர் ஸ்கிரைவர், ‘மூழ்குதல்’ பொருள் தரும் வேரிலிருந்து, வெள்ளம் ஏறும் இடம் என்றார். இரண்டுமே எந்த ஏட்டிலும் கல்லிலும் இல்லாத, உடுக்குறி போட்டு எழுதும் மீட்டுருவாக்கங்கள். ஸ்கிரைவரின் வழியில் ஊகங்கள் குறைவு என்பது என் கணிப்பு. ஆனாலும் கடல் ஓதம் ஏறி இறங்கும் தேம்ஸ் கரையில், நீரைச் சுட்டும் எந்த வேர்தான் பொருந்தாது? பொருள் பொருந்துவதைச் சான்றாகக் கொள்வதில் ஜெஃப்ரிக்கும் இவர்களுக்கும் நாம் நினைப்பதைவிடத் தூரம் குறைவு.

வேர்ச்சொல் தேடலுக்கு இன்னொரு எல்லையும் உண்டு. 4ஆம் நூற்றாண்டில் இவ்வூருக்கு அகஸ்டா என்ற பட்டப்பெயர் இருந்ததை ரோமானிய வரலாற்றாசிரியர் அம்மியானஸ் பதிவுசெய்கிறார். பழைய பெயரையும் சேர்த்தே சொல்கிறார். பொருள் விளங்கிய அகஸ்டா வழக்கொழிந்தது, விளங்காதது நிலைத்தது. பெயரிட்டவர் மனத்தில் இருந்ததை வேர்ச்சொல் ஓரளவு காட்டலாம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டவர்களுக்கு அந்தப் பொருள் தேவைப்படவே இல்லை.