ஒலியின் மெய்ம்மையும் பெயரின் புகழும்: போஸ் ஒலிபெருக்கி பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரு பொருளின் தரமும் அதற்கு வாய்த்த புகழும் எப்பொழுதும் ஒன்றாக இருப்பதில்லை. இலக்கியத்தைப் பொறுத்தவரை இவ்வுண்மை ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. இவ்விரண்டையும் வேறுபிரித்துக் காட்டுவதே விமரிசகனின் பணி என்பர். ஆனால் வீட்டில் நாளும் புழங்கும் சாதனங்களை இவ்வாறு நோக்கும் வழக்கம் தமிழில் இன்னும் வேரூன்றவில்லை. அவற்றைப் பற்றிய தீர்ப்பு விளம்பரத்துக்கும் விலைக்கும் விடப்பட்டுள்ளது. இந்நிலையில் தமிழர் இல்லங்களிற் பெரும்பெயர் பெற்ற போஸ் ஒலிபெருக்கியை ஆராய்வது பயனுடையதாகும்.

பண்டத்தரிப்பும் அதனை அடுத்துள்ள சில்லாலை, மாதகல், சண்டிலிப்பாய் முதலான ஊர்களும் புலம்பெயர்ந்தோரின் உறவால் இன்று உலகின் பல நகரங்களோடு பிணைக்கப்பட்டவை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரும் பொருள்களுள் ஒலிச்சாதனமும் ஒன்று. அவற்றுள்ளும் 'போஸ்' என்ற பெயர் பொறித்த பெட்டிக்குத் தனி மரியாதை உண்டு. வரவேற்பறையில் அது வைக்கப்படும் இடமே அம்மரியாதையைக் காட்டிவிடும். 'இதைவிட நல்ல சத்தம் இல்லை' என்பது பலரும் கூறும் தீர்ப்பு. அத்தீர்ப்பு எதனை அளவுகோலாகக் கொண்டது என்பதே இங்கு எழும் வினா.

உயர்மெய்ம்மை ஒலி என்பதற்கு ஒரு பொருள் உண்டு. பாடகரின் குரலோ கருவியின் நாதமோ எவ்வாறு பதிவாயிற்றோ அவ்வாறே, கூட்டாமலும் குறையாமலும் செவிக்குச் சேர்ப்பதே அது. கேட்பதற்கு இனிமையாக இருத்தல் வேறு. மூலத்துக்கு உண்மையாக இருத்தல் வேறு. மொழிபெயர்ப்பொன்று மூலத்திலும் இனிமையாக அமைந்துவிடலாம். அதனால் அது நல்ல மொழிபெயர்ப்பு ஆகிவிடாது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டே போஸின் புகழை அளத்தல் வேண்டும்.

இந்நிறுவனத்தை 1964ஆம் ஆண்டில் நிறுவிய அமர் கோபால் போஸ் (1929-2013), வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குத் தப்பிச்சென்ற ஒரு விடுதலைப் போராளியின் மைந்தர். மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் கற்று அங்கேயே பேராசிரியராகப் பணிபுரிந்தவர். மாணவப் பருவத்தில் அவர் தேர்ந்து வாங்கிய ஒலிச்சாதனம் ஏமாற்றம் அளித்தமையே அவரை ஒலியியல் ஆராய்ச்சியில் ஈடுபடுத்தியது. பொஸ்ரன் நகரத்து இசையரங்கில் அளவீடுகள் செய்த அவர், இரசிகனின் செவியை அடையும் ஒலியிற் பெரும்பங்கு மேடையிலிருந்து நேரே வருவதன்று, சுவரிலும் கூரையிலும் தெறித்து வருவதே என்று கண்டார். அம்முடிவின் விளைவாக 1968இல் '901' என்னும் ஒலிபெருக்கி வெளிவந்தது. அதன் ஒவ்வொரு பெட்டியிலும் ஏறக்குறைய நான்கு அங்குல அளவான ஒன்பது கூம்புகள் இருந்தன. ஒன்று மாத்திரமே கேட்போரை நோக்க, எஞ்சிய எட்டும் பின்சுவரை நோக்கின. அறை முழுவதையும் நிறைக்கும் அதன் ஒலி அக்காலத்துக் கேட்போரை வியப்பில் ஆழ்த்தியது.

இக்கொள்கை அறிவுக்கூர்மை உடையது என்பதில் ஐயமில்லை. எனினும் அதில் ஒரு குறை உண்டு. அரங்கிற் பதிவுசெய்யப்பட்ட இசையில் அவ்வரங்கின் தெறிப்பொலியும் ஏற்கெனவே அடங்கியுள்ளது. அதனை மீண்டும் வீட்டுச் சுவரில் மோதவிடும்போது கேட்போன் பெறுவது அரங்கின் ஒலியன்று. அரங்கின் மேல் ஏற்றப்பட்ட தன் அறையின் ஒலி. பண்டத்தரிப்பு வீடொன்றில் இக்குறை இன்னும் மிகும். சீமெந்துச் சுவரும் வழுவழுப்பான நிலமும் கொண்ட அறை இயல்பாகவே எதிரொலிப்பது. அங்கு தெறிப்பைக் கூட்டும் கருவியினும் குறைக்கும் கருவியே வேண்டப்படுவது.

இதனினும் ஆழமான முரண்பாடு ஒன்றும் உண்டு. பொஸ்ரன் அரங்கின் இலக்கணம் மேனாட்டுப் பல்லியத்துக்குப் பொருந்தலாம். நாதசுரமும் தவிலும் பிறந்தது மூடிய மண்டபத்தில் அன்று. சுவாமி வெளிவீதி வலம்வரும்போது திறந்த வானத்தின்கீழ் முழங்குவதற்கென்றே அவை அமைந்தன. வலந்தலையில் விரற்கூடுகள் எழுப்பும் சொற்கள் ஒவ்வொன்றும் தெறிப்பின் கலப்பின்றி நேரே செவியில் விழுவதிலேயே தவிலின் அழகு தங்கியுள்ளது. அச்சொற்களுக்கிடையே உள்ள நுண்ணிய மௌனமும் தாளத்தின் பகுதியே. தெறிப்பொலி அம்மௌனத்தை நிரப்பிவிடுமாயின் தவில் பெரிதாய்க் கேட்கும், தெளிவாய்க் கேளாது.

901 பற்றிய விமரிசனத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 1970ஆம் ஆண்டில் 'கொன்சியூமர் றிப்போட்ஸ்' என்னும் அமெரிக்க நுகர்வோர் சஞ்சிகை, இவ்வொலிபெருக்கியில் வாத்தியங்கள் அளவுக்குமீறிப் பெருத்துத் தோன்றுவதாகவும், ஓரிடத்தில் நில்லாது அறையில் அலைவதாகவும் எழுதிற்று. நிறுவனம் வழக்குத் தொடுத்தது. கேட்ட ஒலி அசைந்தது அறை முழுவதிலுமா, இரு பெட்டிகளுக்கிடையே சுவரோரமாகவா என்னும் ஒரு சொல்லின் வேறுபாட்டை நீதிமன்றங்கள் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தன. முதல் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. 1984இல் ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் சஞ்சிகைக்குச் சாதகமான முடிவை உறுதிசெய்தது. அத்தீர்ப்பு ஒலிபெருக்கி நல்லதா தீயதா என்று கூறவில்லை. பிழையென்று அறிந்தோ உண்மையைப் பொருட்படுத்தாமலோ எழுதினாலன்றி, சொல்லில் நேர்ந்த பிசகுக்காக விமரிசகன் தண்டிக்கப்படலாகாது என்பதே அதன் சாரம். தன் செவி கேட்டதைச் சொல்லும் உரிமைக்குக் கிடைத்த அப்பாதுகாப்பு கலைவிமரிசனத்தில் ஈடுபடும் எவரும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வூர் இல்லங்களில் இடம்பெறுபவை பெரும்பாலும் 901 அல்ல. 1987இல் அறிமுகமான முறையைப் பின்பற்றிய சிறு கனசதுரப் பெட்டிகளும், அவற்றுக்குப் பின்வந்த கையடக்கச் சாதனங்களுமே. கனசதுரப் பெட்டிகள் சுவரில் இருக்க, தாழ்ந்த சுரங்களுக்கான பெரிய பெட்டி கண்ணிற் படாத மூலையில் வைக்கப்படும். மிகத் தாழ்ந்த மீடிறன்களின் திசையைச் செவி எளிதில் உணர்வதில்லை என்பதே இவ்வேற்பாட்டின் அடிப்படை. ஆனால் சிறு கூம்பு போதிய காற்றைத் தள்ள இயலாதது. ஆதலால் அது விட்டுவிடும் சுரங்களையும் மூலைப்பெட்டியே ஏற்கவேண்டியதாகிறது. திசையைச் செவி அறியத்தொடங்கும் எல்லைக்கு அது ஏறும்போது ஏமாற்று வெளிப்பட்டுவிடும். ஒரே தவிலின் வலந்தலை சுவரிலிருந்தும் தொப்பி நாற்காலியின் கீழிருந்தும் ஒலிக்கும் விந்தை இவ்வாறு நேர்வதே. இடத்தைச் சுருக்கும் சாமர்த்தியத்துக்காக இவ்வமைப்பைப் பாராட்டலாம்; மெய்ம்மைக்காகப் பாராட்டுதல் கடினம்.

மாற்று வழி இல்லையென்று கருதவேண்டியதில்லை. 'தமிழோசை' வாயிலாக யாழ்ப்பாணத்தாருக்கு நன்கு அறிமுகமான பி.பி.சி. நிறுவனத்தின் பொறியியலாளர், 1970களில் எல்.எஸ். 3/5 ஏ என்ற சிறிய ஒலிபெருக்கியை வடிவமைத்தனர். உயிருள்ள மனிதக் குரலையும் கருவி தரும் குரலையும் அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிடுதல் அந்நிறுவனத்தின் மரபு. அதன் தாழ்சுரம் மெலிந்ததே. ஆயினும் குரலுக்கு அது உண்மையாயிருந்தது. ஒலியியலறிஞர் புளொயிட் ரூலும் சோன் ஒலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வும் இங்கு கருதத்தக்கது. ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின் வைத்துக் கேட்டபோது அளித்த மதிப்பெண்களைக் கேட்போர் அவற்றைக் கண்ணாற் கண்டபின் மாற்றிக்கொண்டனர். செவியின் தீர்ப்பிற் பெயரும் தோற்றமும் கலந்துவிடுகின்றன என்பது இதனாற் புலனாகும்.

போஸின் சாதனைகளை மறைத்தலும் நேர்மையாகாது. 1978இல் விமானப் பயணமொன்றின்போது அமர் போஸின் உள்ளத்தில் உதித்த இரைச்சல்நீக்கும் செவிக்கருவி பின்னர் விமானிகளுக்குப் பெருந்துணையாயிற்று. அத்துறையில் நிறுவனத்தின் புகழ் உழைப்பால் ஈட்டியது. தம் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை 2011இல் தாம் கற்பித்த கல்விக்கூடத்துக்கே அவர் வழங்கியமையும் போற்றத்தக்கது. எனினும் ஒரு துறையில் ஈட்டிய புகழை மற்றொரு துறைக்குச் சான்றாகக் காட்டலாகாது.

அங்ஙனமாயின் பண்டத்தரிப்பில் இப்பெயர் ஐயமின்றி ஏற்கப்படுவது ஏன்? இதற்கு ஊரின் வரலாற்றிலேயே விடை உண்டு. 1990இன் பின் பல ஆண்டுகள் குடாநாடு மின்சாரமின்றி இருந்தது. சைக்கிள் டைனமோவை மிதித்து இயக்கிய வானொலியின் தேய்ந்த குரலும், திருவிழாக்காலத்துக் கூம்பு ஒலிபெருக்கியின் கீச்சொலியுமே ஒரு தலைமுறையின் செவியைப் பழக்கின. அச்செவிக்கு ஆழ்ந்த தாழ்சுரம் முழங்கும் எந்தப் பெட்டியும் அற்புதமாகவே தோன்றும். அதனோடு, அப்பெட்டி தொலைவில் உழைக்கும் ஒரு பிள்ளையின் வியர்வையில் வாங்கப்பட்டது. அதனைக் குறைகூறுதல் அப்பிள்ளையின் அன்பைக் குறைகூறுதல் போலாகிவிடுகிறது. அன்பின் பெறுமதி ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஒலியின் பெறுமதி அவ்வாறன்று.

இவ்வேறுபாடு வெறும் வசதி பற்றியதன்று. அண்டை ஊராகிய அளவெட்டியோடு பிணைந்த தவில்மேதை தெட்சணாமூர்த்தி (1933-1975) மறைந்து அரை நூற்றாண்டு ஆகிறது. அவரை நேரிற் கேட்டோர் அருகி வருகின்றனர். இனிவரும் தலைமுறைக்கு அவர் எஞ்சிய ஒலிப்பதிவுகளில் மாத்திரமே உள்ளார். பழைய பதிவுகள் குறைபாடுடையவை. அவற்றின் மேல் இல்லாத முழக்கத்தை ஏற்றி இளைஞனுக்குக் கேட்பிக்கும் கருவி, அவனுக்குத் தெட்சணாமூர்த்தியையன்றிப் பிறிதொருவரையே அறிமுகம் செய்கிறது. மூலம் மறைந்த பின் நகலின் பொய்யைக் கண்டுபிடிப்பார் யார்?

ஆகவே, போஸ் ஒலிபெருக்கி இனிய ஒலி தருவது என்ற புகழ் தக்கதே; மெய்யொலி தருவது என்ற புகழ் தக்கதன்று எனலாம். வலிகாமத்தார்க்கு இதனைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. தவிலையும் நாதசுரத்தையும் வீதியில் நின்று நேரே கேட்கும் வாய்ப்பு இங்கு இன்னும் உண்டு. அவ்வொலியைச் செவியில் நிறுத்திக்கொண்டு, பெட்டியின் பெயரைத் துணியால் மறைத்து, அதே வாத்தியத்தின் பதிவைக் கேட்டறிதல் எவருக்கும் இயலும்.