விசிலுக்குப் பின்னால் இருப்பவர்

பி.டி. மாஸ்டரை எல்லோருக்கும் தெரியும். அவரை உருவாக்கிய பேராசிரியரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி க்ரோ பக், 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவர். ஆனாலும் அவர் பெயர் நிலைத்தது ஆசிரியர்களை வார்த்ததால்தான். விளையாடுவது ஒரு வித்தை, விளையாடக் கற்றுத்தருவது வேறு வித்தை. கற்றுத்தரக் கற்றுத்தருவதோ மூன்றாவது. இன்று அந்தப் பேராசிரியர் நாற்காலிக்கு வழி, முதுகலையும் நெட் தேர்வும் அல்லது முனைவர் பட்டமும். ஆய்வு தெரியாதவர் பழைய டிரில்லையே திருப்பிச் சொல்வார் என்பது நியாயமான வாதம்தான். ஆனால் ஒரு பந்து, அறுபது பிள்ளைகள், உச்சி வெயில் என்று பள்ளி மைதானத்தில் சில ஆண்டு நின்றவரின் கண் வேறு. வரிசையில் யார் நைசாக ஒதுங்குகிறார் என்று அது பார்க்கும். பிள்ளைகள் கண் கூசாமலிருக்க, வெயிலைத் தன் முகத்தில் வாங்கி நிற்கும்படி பயிற்சி மாணவரை நகர்த்தி வைக்கும்.