மூன்றாம் இரவும் எமது எழுத்தும்

வளைகுடாவைப் பற்றி எமது சஞ்சிகைகளில் வரும் கதைகளில் ஒரு குடிகாரன் அடிக்கடி வருவான். சம்பளத்தன்று பாட்டுப் பாடுவான். மனைவியின் கடிதத்தை உரத்து வாசித்து அழுவான். அறைத் தோழர்களைச் சிரிக்க வைப்பான். கடைசிப் பந்தியில் அநேகமாகச் செத்துப்போவான். அந்தச் சிரிப்புக்கும் சாவுக்கும் இடையில் அவன் ஒரு நோயாளியாகப் படுத்திருந்த நாட்கள் உண்டு. அவனருகில் ஒரு தாதி நின்ற இரவுகளும் உண்டு. அந்தப் பக்கங்களை நாம் எழுதாமல் தாண்டிப் போகிறோம்.

ராஸ் லஃபானை எடுத்துக்கொள்வோம். தோஹாவுக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தொலைவில், கட்டாரின் முதலாவது திரவ வாயுக் கப்பல் 1996 இறுதியில் ஜப்பானுக்குப் புறப்பட்ட துறைமுகம். ஆலையின் ஒரு பகுதியை நிறுத்திப் பழுதுபார்க்கும் 'ஷட்டவுன்' காலங்களில் வெல்டர்களும் பிற்றர்களும் சாரம் கட்டுபவர்களும் கூட்டங்கூட்டமாக அங்கே வந்திறங்குவார்கள். கேம்பில் மது கிடையாது. ஊரில் பத்து வருடம் நாள் தவறாமல் குடித்த ஒருவன், புறப்படும் அன்று கடைசிப் போத்தலையும் முடித்துவிட்டு வந்து சேருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு, எட்டு மணித்தியாலத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குச் சன்னி காணும்: சுவரில் பாம்பு ஊரும், தோலில் எறும்பு ஓடும், கதவுக்கு வெளியே ஆட்கள் கத்தியோடு நிற்பார்கள். கோடையானால் இதைப் பார்ப்பவர்கள் வெயில் தாக்கியது என்பார்கள். இல்லாவிட்டால் வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறான் என்பார்கள். மூன்றாம் இரவு அவன் எழுந்து ஓடினால் பைத்தியம் என்று கட்டிவைப்பார்கள். உண்மையில் இது மருந்து உள்ள நோய். டயசிபாம் போன்ற மாத்திரை, தயமின் என்ற விற்றமின், நீர், வெளிச்சமுள்ள அமைதியான அறை, பக்கத்தில் ஓர் ஆள். ஒரு கிழமைக்குள் பெரும்பாலானோர் தெளிந்துவிடுவார்கள். விட்டுவிட்டால் சாவு வரலாம்.

எல்லாம் தங்கியிருப்பது ஒரேயொரு கேள்வியில்: 'கடைசியாக எப்ப குடிச்சனீங்கள்?' அந்தக் கேள்விக்கு அவன் உண்மை சொல்ல வேண்டும். சொன்னால் விசா போய்விடும் என்று நம்புகிறவன் எப்படிச் சொல்வான்?

மது நிறுத்தத்தின் கடுமையை அளக்க 1989இல் வெளியான பத்து அம்ச அளவுகோல் ஒன்று இன்றும் வார்டுகளில் பயன்படுகிறது. நடுக்கம், வியர்வை, பதகளிப்பு ஆகிய மூன்றையும் தாதி கண்ணால் பார்த்தே எழுதிவிடலாம். மற்ற ஏழுக்கும் வாய்ச்சொல் வேண்டும். தோலில் ஏதும் ஊருகிறதா, சத்தம் கேட்கிறதா, இன்று என்ன நாள் என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்பவர் ஒரு மலையாளப் பெண்ணாகவோ பிலிப்பைன்ஸ் பெண்ணாகவோ இருப்பார். பதில் சொல்பவன் இராமநாதபுரத்தான் அல்லது மட்டக்களப்பான். 'ஒரே யோசினையாக் கிடக்கு' என்று எமது ஆள் சொன்னால், அது சிந்தனை அல்ல, துயரம் என்று யார் அவருக்கு மொழிபெயர்ப்பது? 'நெஞ்சுக்குள்ள எரியுது' என்றால் இரைப்பை மாத்திரை கொடுத்து அனுப்பப்படுவான். யுத்த காலத்தில் எமது மக்கள் மனத்தின் வலியை உடம்பின் வலியாகவே சொன்னார்கள் என்பதை யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரம் போன்ற மனநல மருத்துவர்கள் நெடுங்காலமாக எழுதி வந்திருக்கிறார்கள். அந்த அறிவு எமது இலக்கியத்துக்குள் போதியளவு வந்து சேரவில்லை என்பதே எனது முறைப்பாடு.

பென்யாமினின் 'ஆடுஜீவிதம்' 2008இல் மலையாளத்தில் வந்தது. வளைகுடாத் தனிமையை அதைவிட வலுவாகச் சொன்ன நாவல் குறைவு. ஆனால் நஜீப் தப்பி வந்தவன். அதனால் அவன் கதை கிடைத்தது. மனம் சிதறியவன் கதை சொல்ல வருவதில்லை. அவனைப் பற்றிய ஒரே பிரதி, அன்றிரவு கடமையில் இருந்த தாதி எழுதிய நாலு வரிக் குறிப்பு. தாதிகளைப் பற்றிய படைப்புகளும் இதை நிரப்பவில்லை. 2014இல் திக்ரித்தில் அகப்பட்ட இந்தியத் தாதிகளை வைத்து 2017இல் வந்த 'டேக் ஓஃப்' நல்ல படம். அதில் தாதிகள் மீட்கப்படுவதுதான் கதை. அவர்கள் செய்யும் வேலை பெரிதும் பின்னணி. எமது கவிதைகளிலோ தாதி வெள்ளைப் புறா. புறாவுக்குச் சம்பளப் பாக்கி இல்லை, ஏஜென்சிக் கடன் இல்லை, ஆத்திரப்பட்ட நோயாளி ஓங்கிய கையைத் தனியாகத் தடுக்கவேண்டிய இரவு இல்லை.

அந்த நாலு வரிக் குறிப்பையே இரு விதமாக எழுதிப் பார்ப்போம். 'குடிகாரன். ஒத்துழைக்கவில்லை. வேலைக்குத் தகுதியற்றவன்.' இது ஒன்று. 'கடைசியாகக் குடித்து 60 மணித்தியாலம். நாடி 128. கை நடுங்குகிறது. சுவரில் பாம்பு தெரிவதாகச் சொல்கிறார். பயந்திருக்கிறார்.' இது மற்றது. முதலாவது தீர்ப்பு, அதைப் படிப்பவர் விமானச் சீட்டை எடுப்பார். இரண்டாவது கவனிப்பு, அதைப் படிப்பவர் மருந்தை எடுப்பார். தாதிக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே மனநோய்ப் பராமரிப்பின் மையம் என்று அமெரிக்கத் தாதி ஹில்டகார்ட் பெப்லாவ் 1952இல் எழுதியதன் நடைமுறை அர்த்தம் இதுதான்.

ஆனால் முழுப் பொறுப்பையும் தாதியின் தலையில் கட்டிவிட முடியாது. கேம்ப் கிளினிக்கில் அவருக்குச் சம்பளம் கொடுப்பது நோயாளியின் முதலாளியாகவே இருந்தால், முதலாளி கேட்பது 'வேலைக்கு வருவானா, மாட்டானா' என்பதுதான். 1985இன் சர்வதேசத் தொழில் அமைப்புச் சமவாயம் 161, தொழில்சார் சுகாதார ஊழியர்கள் முதலாளியிடமிருந்து சுதந்திரமாக இயங்கவேண்டும் என்கிறது. ஒருவன் ஏன் வேலைக்கு வரவில்லை என்று துப்புப் பார்க்கும்படி அவர்களைக் கேட்கக்கூடாது என்றும் சொல்கிறது. வளைகுடாவிலும் எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. அபுதாபியில் 2002இல் தேசியப் புனர்வாழ்வு மையம் தொடங்கியது. கட்டாரில் 2016இல் மனநலச் சட்டம் வந்தது. தோஹாவில் போதை மீட்சிக்கென்றே நௌஃபர் என்ற நிலையம் கட்டப்பட்டது. ஆனால் கட்டிடமும் சட்டமும் இருந்தும், பயந்த மனிதன் படியேறாவிட்டால் என்ன பயன்?

பயத்தின் விலையை 2025 ஓகஸ்டில் குவைத்தில் கண்டோம். மெதனோல் கலந்த கள்ளச்சாராயத்தால் 160 பேர் பாதிக்கப்பட்டதாகவும் 23 பேர் இறந்ததாகவும் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். பார்வை இழந்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். மெதனோல் குடித்தவன் சில மணித்தியாலத்துக்குள் வந்தால் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் அவன் கண்ணையும் உயிரையும் காக்கக்கூடும். பொலிசுக்குப் பயந்து ஒளிந்திருக்கும் ஒவ்வொரு மணியும் கண்ணைத் தின்கிறது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் இதே நஞ்சில் செத்தார்கள். இரண்டு சந்தர்ப்பங்களிலும் எம்மவர் பலர் சொன்ன முதற் சொல் ஒன்றுதான்: 'குடிச்சவன் தானே.'

அந்தச் சொல்லை அரபு முதலாளி எமக்குக் கற்பிக்கவில்லை. அது எமது திண்ணையிலிருந்து, எமது சினிமாவின் கோமாளிகளிடமிருந்து, பாரிசிலும் ரொறன்ரோவிலும் எமது விருந்துகளின் பகிடிகளிலிருந்து, எமது கதைகளிலிருந்து வந்தது. அவன் பயந்து பொய் சொல்லக் கற்றுக்கொண்டது வீட்டில்தான். கேம்பில் அதைத் தொடருகிறான், அவ்வளவுதான்.

எழுத்தாளர்களிடம் நான் கேட்பது இரக்கம் அல்ல. இரக்கம் எமது கதைகளில் தாராளமாகவே உண்டு. தாதியின் இரண்டாவது குறிப்பில் இருக்கும் நிதானத்தைத்தான் கேட்கிறேன். கடைசியாக எப்போது குடித்தான், என்ன கண்டான், எதற்குப் பயந்தான் என்று எழுதுங்கள். அப்படி எழுதப்பட்ட ஒரு கதையை அறைத் தோழன் ஒருவன் படித்திருந்தால், பக்கத்துக் கட்டிலில் கை நடுங்கும்போது அவன் சிரிக்கமாட்டான். கிளினிக்குக்கு ஓடுவான்.