இதழாசிரியரும் இளம் ஆய்வாளரும்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தைச் சமணக் காஞ்சி என்பர். அங்குள்ள வர்த்தமானர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விசயநகர அமைச்சர் இருகப்பர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பினார். அதன் விதானத்து ஓவியங்களுக்குத் தமிழில் சிறு விளக்கங்கள் எழுதப்பட்டிருந்தன. அவற்றைப் படித்து, காட்சிகளைச் சமணப் புராணங்களோடு பொருத்தி, டி. என். இராமச்சந்திரன் எழுதிய ஆராய்ச்சி 1934இல் சென்னை அரசு அருங்காட்சியக ஆய்விதழின் ஒரு தனிப் பகுதியாக வெளிவந்தது.

நூலைப் பாராட்டுவோர் பலர். அதற்கு இடமளித்த இதழாசிரியரை நினைப்போர் சிலரே. 1920 முதல் 1940 வரை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எஃப். எச். கிரேவ்லி ஒரு விலங்கியல் அறிஞர், சிலந்திகளை ஆராய்ந்தவர். சமணமோ தமிழோ அவர் துறையன்று. எனினும், முப்பதைச் சற்றே கடந்த தம் உதவியாளர்க்கு இதழின் ஒரு பகுதியை முழுமையாக ஒதுக்கினார். கோயிற் கட்டடப் பாணிகளைப் பற்றி அதே ஆண்டில் இருவரும் இணைந்து எழுதியதில் இருவர் பெயரும் உண்டு. திருப்பருத்திக்குன்ற நூலில் இராமச்சந்திரன் பெயர் மட்டுமே. மேலதிகாரியின் பெயர் முன்னே நிற்கும் வழக்கத்தை அறிந்தோர்க்கு இது சிறு செய்தியன்று.

நூலில் குறையும் உண்டு. தீர்த்தங்கரர் வரலாறுகள் நெடுக விரிகின்றன. சற்றே கண்டிப்பான ஆசிரியர் சில பக்கங்களைக் குறைத்திருப்பார். தமிழ் விளக்கங்களைக் கொண்டு எழுந்த ஆராய்ச்சி, ஆங்கிலத்தில் வந்தமையால் தமிழ் மட்டும் அறிந்தோர்க்கு எட்டவில்லை. ஆயினும் எதையும் விட மனமில்லாத அந்த விரிவே, பின்னர் மங்கிப்போன காட்சிகளுக்கு இன்று சான்றாக நிற்கிறது.

கிரேவ்லிக்கு அரசின் துணை இருந்தது எனலாம். நா. வானமாமலைக்கு அதுவும் இல்லை. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தி வாழ்ந்த அவர், 1969இல் 'ஆராய்ச்சி' காலாண்டிதழைத் தொடங்கினார், 1980இல் மறைந்தார். (1764இல் தூக்கிலிடப்பட்ட யூசுப்கானைப் பற்றிய 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடலைப் பதிப்பித்தவரும் அவரே.) நெல்லை ஆய்வுக் குழுவில் இளையோர் கட்டுரை படிப்பர், கூடியிருப்போர் மறுத்தும் வினவியும் விவாதிப்பர், அவ்வாறு விவாதிக்கப்பட்டவை இதழேறின. அவருடைய மார்க்சிய நோக்கை ஏற்காதோரும் அப்பயிற்சியின் பயனை மறுக்கவியலாது.

இன்றைய நிலை வேறு. முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்குமுன் ஒரு கட்டுரையேனும் வெளியிட்டிருக்க வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் விதித்தது. கட்டணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களுக்கு அது நல்ல அறுவடையாயிற்று. அவ்விதி 2022இல் நீங்கியது. தரமான இதழ்களுக்கென அக்குழு வைத்திருந்த பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. கட்டண இதழ்களோ இன்னும் நடக்கின்றன. நம் இல்லத்துப் பிள்ளைகளும் ஆய்வு செய்கின்றனர். கட்டுரைக்கெனப் பணம் கேட்டு அவர்கள் வரும்போது, இதழின் பெயரைக் கேட்பதோடு, அதனைப் படித்தவர் எந்தப் பக்கத்தில் என்ன வினவினார் என்பதையும் பெற்றோர் கேட்கலாம்.