ஓடு தட்டும் வாத்தியார்

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை. அரசு சிமென்ட் ஆலை 1979இலேயே வந்துவிட்டது. ஆனாலும் ஒழுகும் ஓட்டுவீடுகள் இங்கே ஏராளம்.

எங்கள் தெருவில் பணி ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், ஐப்பசி அடைமழைக்கு முன் இல்லாதவர்கள் வீட்டுக் கூரையில் ஏறிவிடுவார். நாட்டு ஓட்டை விரல் முட்டியால் தட்டுவார். கணீரென்றால் நல்லது, சொத்தென்றால் விரிசல். உளுத்த ரீப்பரை மாற்றி, கவிழ்த்த ஓடும் மல்லாந்த ஓடுமாக அடுக்குவது கண்ணுக்கு விருந்து. (2006இல் லோனாவாலா அருகே 82 வயது முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஏழைகளுக்கு வீடு கட்டியதை உலகமே பார்த்தது, இவருக்கு நாங்கள்தான்.)

“வாத்தியாரே, எறங்குங்க, வெயில் ஏறிடுச்சு” என்று பாட்டி கத்துகிறாள். கூலி வாங்கமாட்டார். நீராகாரம் மட்டும், வெங்காயத்தோடு.